பத்தே நிமிஷம், மூன்றே சாமான்

சமைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தெரியாதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தாலும் யாருக்கும் தொந்தரவில்லை. முதல் கூட்டம் ஆக்கிப் போடும், இரண்டாவது கூட்டம் என்னைப் போலச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவும். நான் சொல்ல வந்தது மூன்றாவது இனம். நீங்கள் ஒரு வாய் எடுத்து வைத்து "நல்லா இருக்கே" என்று சொல்லி முடிப்பதற்குள், "இதுல ஒண்ணுமே இல்லீங்க, பத்தே நிமிஷம், மூணே சாமான்" என்று உங்கள் தட்டின் மேல் குனிந்து செய்முறையை ஆரம்பித்துவிடுவார் பாருங்கள், அவர். பத்து நிமிஷப் பேர்வழி என்று நான் அவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். செர்பியாவில், வால்யேவோ ஊரில் இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் பார்க்கிறவன் நான். எங்கள் ஊர்ப் பழைய அடுக்குமாடிகளில் மீட்டர் இருக்கிற இடம் சமையலறைக் கதவுக்கு மேலே. கண் எண்ணைப் பார்க்கும்போதே மூக்கு அடுப்பைப் பார்த்துக்கொள்ளும். நாலாயிரம் சமையலறைகளுக்குள் தலையை நீட்டியவன் சொல்கிறேன், ஊருக்கு எப்படியும் முந்நூறு பத்து நிமிஷப் பேர்வழிகள் தேறுவார்கள். மின்சாரம் அதிகமாக ஓடுகிற வீடுகளும் அவர்களுடையவைதான்.

இவருடைய கணக்கு தனிக் கணக்கு. மூன்றே சாமான் என்பார். எண்ணிப் பார்த்தால் பதினொன்று இருக்கும். உப்பு, எண்ணெய், தண்ணீர் சாமானில் சேர்த்தி இல்லையாம். வெங்காயம் எல்லா வீட்டிலும் இருப்பதால் அதுவும் சேராது. பூண்டு வெங்காயத்தோடு போய்விட்டது. நேரக் கணக்கு அதைவிட அழகு. செய்முறையின் முதல் வரியே "வேகவைத்த வெள்ளை பீன்ஸ் இரண்டு கிண்ணம்" என்று இருக்கும். யார் வேகவைத்தது? எப்போது ஊறவைத்தது? அதில் கல் பொறுக்கியவர் யார்? அந்தப் பேச்சே கிடையாது. பீன்ஸ் அந்த வீட்டில் வெந்த நிலையிலேயே பிறந்து வளர்ந்தது போல இவர் கிண்ணத்தை எடுப்பார், அடுப்பில் வைப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், பத்து நிமிஷம். பிறகு ஏழு பாத்திரம், இரண்டு வடிகட்டி, எண்ணெய் வழிந்த அடுப்பு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்து, "பார்த்தீங்களா, எவ்வளவு சுலபம்" என்பார். கழுவுவது சமையல் இல்லை. அது வேறு யாரோ சம்பந்தப்பட்ட விஷயம்.

செய்முறைகள் எங்கிருந்து வருகின்றன? மாவுப் பொட்டலத்தின் முதுகிலிருந்து வரும். மருந்துக்கடை கொடுத்த நாட்காட்டியிலிருந்து வரும். பல் மருத்துவர் வீட்டில் காத்திருக்கும்போது சத்தமாக இருமிக்கொண்டே பத்திரிகையின் பக்கத்தைக் கிழித்து எடுத்து வருவதும் உண்டு. இப்போது கைபேசி வந்தபின் கேட்கவே வேண்டாம். அதில் இரண்டு கைகள் மட்டும் வரும், பாட்டுப் பாடிக்கொண்டே மாவு பிசையும், ஒரே நிமிஷத்தில் ரொட்டி உப்பிவிடும். அந்தக் கைகளுக்கு முகம் கிடையாது, கழுவும் தொட்டி கிடையாது, மாமனார் கிடையாது. அதைப் பார்த்துத்தான் இவர் ஏமாந்துபோகிறார்.

தன் வீட்டோடு நிற்பாரா என்றால் அதுவும் இல்லை. அடுத்த வீட்டுப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்க்காமல் இவருக்கு ஒரு நாள் போகாது. எங்கள் குடியிருப்பில் செப்டம்பர் வந்தால் முற்றத்தில் அடுப்பு மூட்டி, மூட்டை மூட்டையாகச் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, மரத்துடுப்பு போட்டு ஐந்து மணி நேரம் கிளறி, குளிர்காலத்துக்கு அய்வார் என்கிற மிளகாய் விழுது காய்ச்சி ஜாடியில் அடைப்பார்கள். பெண்கள் வியர்த்து வழிந்து கிளறிக்கொண்டிருக்கும்போது பத்து நிமிஷப் பேர்வழி வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு பெருமூச்சு விடுவார். "ஏன் இப்படிக் கஷ்டப்படறீங்க?" என்பார். பாவம், உண்மையிலேயே இரக்கப்பட்டுத்தான் கேட்கிறார். அதனால்தான் அவர் முதுகில் துடுப்பால் ஒன்று போட யாருக்கும் மனசு வருவதில்லை.

இப்படிப் பொதுவாகவே பேசிக்கொண்டு போனால் யாரையோ சொல்கிறான் என்று நீங்கள் சும்மா இருந்துவிடுவீர்கள். ஆளைக் காட்டுகிறேன். வெளியூரெல்லாம் போக வேண்டாம், என் அக்கா ரோசாந்தாவின் புருஷன், என் அத்தான் வெலிபோர். நான் இரண்டாவது மாடி, அவர்கள் மூன்றாவது மாடி. குடிநீர் ஆபீசில் வேலை, ஐம்பத்திரண்டு வயசு, நல்ல உயரம், தங்கமான மனுஷன். அவர் கண்டுபிடித்த தோலுரிக்காத அய்வாரை ஒரு வருஷம் குளிர்காலம் முழுக்கத் தின்றவன் நான். பிப்ரவரி வரைக்கும் பல்லிடுக்கில் மிளகாய்த்தோலோடு அலைந்தேன். வீட்டுக்காரர்களிடம் மீட்டர் எண்ணைச் சொல்லும்போது அவர்கள் என் வாயையே பார்த்தார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனுஷனுக்கு நாக்கு உண்டு. ஆகஸ்ட் மாசத்து வெயிலில் பழுத்த தக்காளியை அவர் நறுக்கி, வெங்காயமும் பாலாடைக்கட்டியும் தூவி எடுத்து வந்து வைத்தால் ரொட்டி எத்தனை துண்டு உள்ளே போகிறது என்று கணக்குத் தெரியாது. அது நிஜமாகவே பத்து நிமிஷம்தான். கெட்டது அங்கேதான். தக்காளியில் ஜெயித்தவர் உலகம் பூராவும் தக்காளி என்று நினைத்துவிட்டார்.

இனி ஸ்லாவாவுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர். அவருடைய நாள்தான் அந்த வீட்டுக்கு ஸ்லாவா. அத்தான் வீட்டுக்குப் புனித நிக்கோலா, டிசம்பர் பத்தொன்பது. ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. கூப்பிடாமலே வருவார்கள். எத்தனை பேர் என்று தெரியாது, யார் என்று தெரியாது, வந்தவரை அனுப்பவும் முடியாது. வீட்டுக்காரன் அன்றைக்குப் பூராவும் உட்காரக் கூடாது. நின்றுகொண்டே பரிமாற வேண்டும். வாசலில் நுழைகிறவர் சிலுவை போட்டுக்கொண்டு, வேகவைத்துச் சர்க்கரையும் அக்ரூட்டும் கலந்த கோதுமையில் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே வந்து உட்காரலாம். அந்தக் கோதுமையைப் பாதிரியார் வந்து மந்திரித்தால்தான் கரண்டியே உள்ளே போகும். கோதுமை இல்லையென்றால் எதுவும் இல்லை. மீன் இல்லை, பீன்ஸ் இல்லை, ஒரு மடக்கு ரக்கியாச் சாராயம்கூட இல்லை.

அத்தானின் அப்பா ஒப்ராத், எழுபத்தெட்டு வயசு. ஐம்பது வருஷமாகத் தன் வீட்டில் ஸ்லாவா நடத்தினார். போன வருஷம் முழங்கால் கைவிட்டது. மீனைப் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே தட்டோடு சுவரில் சாய்ந்துவிட்டார். நிற்க முடியாத வீட்டுக்காரன் ஸ்லாவாவை மகனிடம் கொடுக்க வேண்டியதுதான். சுவரில் இருக்கும் புனிதரின் படத்தை எடுத்து மகன் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் அன்றிலிருந்து அது மகனுடைய ஸ்லாவா. அத்தான் இருபது வருஷமாக இதற்குக் காத்திருந்தார். ஆனால் கிழவர் லேசில் கொடுக்கிற ஆள் இல்லை. மகனுடைய சமையலைப் பற்றி ஊரில் கேள்விப்பட்டவர்தானே. "படத்தைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு வரேன். விருந்தாளியா உட்கார்ந்து பார்க்கிறேன். சரியா நடந்தா உன் வீட்டுச் சுவர்ல மாட்டுறேன். இல்லேன்னா திரும்ப என் வீட்டுக்கே எடுத்துக்கிட்டுப் போயிடறேன். நான் இருக்கிற வரைக்கும் மெழுகுவர்த்தி மட்டும் கொளுத்திக்கலாம், ஜனங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

இந்த நிலைமையில் வேறு யாராவது என்ன செய்வார்கள்? பெரியவர்களைக் கேட்டு, பெரிய பானையை இறக்கி, இரண்டு நாள் முன்னாலேயே கோதுமையைக் கழுவி, வேகவைத்து, வடித்து, வெள்ளைத்துணியில் பரப்பி உலர்த்துவார்கள். அத்தான் என்ன செய்தார்? கைபேசியை எடுத்தார்.

அக்டோபர் மாசமே அவர் என்னிடம் வந்து என் பிளாஸ்க்கைக் கடன் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் ஒரு தட்டில் ஒரு கைப்பிடி கோதுமையோடு வந்து நின்றார். நன்றாக, மெத்தென்று, பூப்போல வெந்திருந்தது. அடுப்பு வேண்டாமாம், பானை வேண்டாமாம், கிளற வேண்டாமாம். கோதுமையைப் பிளாஸ்க்கில் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூடிவிட்டால் அது பாட்டுக்கு வெந்துகொள்ளுமாம். "ரெண்டு சாமான், மச்சான்" என்று விரலைக் காட்டினார். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிட்ட பெருமை அவர் முகத்தில் தாங்கவில்லை.

டிசம்பர் பதினெட்டாம் தேதி குடியிருப்பு முழுக்க ஏறி இறங்கி எட்டு பிளாஸ்க் சேர்த்தார். என்னுடையது இரண்டு, அவற்றில் நான் இருபது வருஷமாகக் காப்பி ஊற்றி எடுத்துப் போகிறேன். முதல் மாடி நர்சம்மாவுடையது ஒன்று. மீன்பிடிக்கப் போகிற நாலாவது மாடிக்காரருடையது இரண்டு. மற்றவை ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவருடையவை. எல்லாம் பழைய காலத்துச் சரக்கு, உள்ளே கண்ணாடி, கழுத்து ஒடுக்கம். அக்கா கோதுமையைக் கழுவிக் கல் பொறுக்கிக் கொடுத்தாள். எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டாள். ஒரு கைப்பிடி அழகாக வேகிற பிளாஸ்க்கில் முக்கால் பிளாஸ்க் அழகாக வேகாதா என்பது அத்தானுடைய வாதம். வெந்தால் உப்புமே மனுஷா என்று அவள் சொன்னாள். உப்பட்டும், உப்பினால்தானே நிறைய இருக்கும் என்றார் அவர்.

இதற்கு நடுவில் அவர் விருந்தையும் சுலபமாக்கிக்கொண்டிருந்தார். நோன்பு நாள் ஸ்லாவா, ஆகையால் கறி, பால், முட்டை ஒன்றும் கூடாது. கெண்டை மீனை முழுசாக அடுப்பில் வைத்துவிட்டால் பத்தே நிமிஷம் என்றார். அக்கா நான்கு மீனுக்கும் செதில் சுரண்டினாள். முட்டைக்கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டுவது பழங்காலத்து வேலை, இலையைக் கிழித்து அரிசியோடு அடுக்கிவிட்டால் போதும் என்றார். அக்கா ஒரு பெரிய முட்டைக்கோஸைப் பூராவும் கிழித்தாள். கேக்குக்கு அடுப்பே வேண்டாம், அக்ரூட்டும் பிஸ்கட்டும் நொறுக்கிப் பிடித்து வைத்தால் முடிந்தது என்றார். மூன்று கிலோ அக்ரூட்டை உடைத்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நானும் கொஞ்சம் உடைத்தேன். இரண்டு நாளாக என் அக்கா நாற்காலியைக் கண்ணால்தான் பார்த்தாள்.

பத்தொன்பதாம் தேதி காலை எட்டரை மணிக்கு அத்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். தட்டுக்கு மேலே கவிழ்த்தார்.

ஒன்றும் விழவில்லை.

குலுக்கினார். சத்தம்கூட இல்லை. எட்டிப் பார்த்தார். கோதுமை கழுத்துவரை உப்பி, ஒன்றோடொன்று இறுகி, செங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. அடுத்ததைத் திறந்தார், அதுவும் அப்படியே. எட்டும் அப்படியே. நான்கு கிலோ புனிதக் கோதுமை, பூப்போல வெந்து, வெளியே வர வழியில்லாமல் எட்டு பிளாஸ்க்குக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

அத்தான் கலங்கவில்லை. இதற்கும் ஒரு சுலபமான வழி உண்டு, தலைகீழாகப் பிடித்து அடியில் பட்டென்று ஒன்று போட்டால் பத்தே வினாடியில் மொத்தமாக வந்துவிடும் என்றார். நாலாவது மாடி மீன்காரரின் பிளாஸ்க்கைக் கவிழ்த்து உள்ளங்கையால் ஒன்று போட்டார். உள்ளே 'களுக்' என்று ஒரு சத்தம் வந்தது. கண்ணாடி போயிற்று. அந்தக் கோதுமையும் போயிற்று. மீதி ஏழையும் இனி தட்டவும் முடியாது, குலுக்கவும் முடியாது, பிள்ளையைத் தூக்குகிற மாதிரிதான் தூக்க வேண்டும்.

அந்த நேரத்தில் வாசல்மணி அடித்தது. ஒப்ராத் கிழவர். கம்பளிக்கோட்டு, தடி, அக்குளில் துண்டு சுற்றிய படம். அவருக்குப் பின்னால் படியில் இரண்டு மாமாக்கள், ஒரு சித்தி, அத்தான் ஆபீசிலிருந்து ஐந்து பேர். புனித நிக்கோலா நாள் என்றால் எங்கள் ஊரில் பாதி வீட்டில் ஸ்லாவா, மீதிப் பாதி ஊர் விருந்தாளி. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கலாமே என்பீர்கள். முடியாது. அவரவர் வீட்டில் செத்துப்போனவர்களை நினைத்து அவரவர் வேகவைக்கிற கோதுமை அது, கடன் வாங்குகிற சாமான் இல்லை. காசு கொடுத்து வாங்கினால் கடன் இல்லையே என்று, வெந்த கோதுமை விற்கிற மிட்டாய்க்கடைக்கு ஓடினேன். அங்கே எல்லாம் விற்றுப்போய்க் கோதுமைச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது படிக்கட்டில் ஜனங்கள் இரண்டாவது மாடி வரைக்கும் நின்றார்கள். கோதுமையை ருசிக்காமல் உட்காரக் கூடாது. வந்துவிட்டுத் திரும்பிப் போனால் வீட்டுக்காரனுக்கு அவமானம். ஆகவே எல்லோரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மீன் வாசனையை மோந்துகொண்டு, மரியாதையாகச் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள்.

பாதிரியார் எஃப்திமியே வந்தார். அன்றைக்கு அவருக்குப் பதினேழு வீடு, இது நாலாவது. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்களைத் தாண்டித் தாண்டி மேலே ஏறி வந்தவர், மேஜையைப் பார்த்தார். ரொட்டி இருந்தது, மது இருந்தது, மெழுகுவர்த்தி இருந்தது. கோதுமை எங்கே என்று கேட்டார். அத்தான் பிளாஸ்க்கைக் காட்டினார். பாதிரியார் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அடுத்ததிலும் பார்த்தார்.

"முப்பது வருஷத்துல கோதுமை தீஞ்சு பார்த்திருக்கேன், புளிச்சுப் பார்த்திருக்கேன், நாய் தின்னு பார்த்திருக்கேன்" என்றார். "ஒளிஞ்சுக்கிட்டு இப்பதான் பார்க்கிறேன்."

அக்கா உள்ளே போய்த் தையல் பெட்டியைக் கொண்டுவந்தாள். குரோஷா ஊசி, ஸ்வெட்டர் பின்னும் ஊசி, கரண்டிக் காம்பு, என் மீட்டர் ஸ்குரூ டிரைவர் எல்லாம் சுடுதண்ணீரில் கழுவப்பட்டன. நர்சம்மா கீழே போய் நீளமான இடுக்கி ஒன்று எடுத்து வந்தாள். ஏழு பிளாஸ்க்கைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்து, உட்கார்ந்து என்றா சொன்னேன், தப்பு, நின்றுகொண்டு, கோதுமையை ஒவ்வொரு மணியாகத் தோண்ட ஆரம்பித்தார்கள். கிழவரால் நிற்க முடியாது. வாசலில் செருப்பு வைக்கிற பெட்டியின் மேல் உட்கார்ந்தார், அது வீட்டுக்கு வெளியேதான் என்று பாதிரியார் தீர்ப்புச் சொன்னார். கிழவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்க்கைக் கேட்டு வாங்கினார். பதினைந்து நிமிஷம் போனதும் பாதிரியாரும் அங்கிக் கையை மடித்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரத்தில் ஒரு சூப்புத் தட்டு நிறையக் கோதுமை சேர்ந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் தோண்டத் தோண்டச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். படிக்கட்டில் நின்றவர்கள் பிளாஸ்க்கை ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று கைமாற்றிக்கொண்டார்கள். அத்தான் ஒருவர்தான் சிரிக்கவில்லை. சட்டைக் கழுத்து நனைந்து போயிருந்தது. அப்பா மடியில் இருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிரியார் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, ஜபத்தைச் சொல்லி, ரொட்டியை அறுத்து, கோதுமையின் மேல் மது தெளித்தார். முதல் கரண்டி கிழவருக்கு. கரண்டி நிறைய எங்கே, நுனியில் பத்து மணி. கிழவர் மெதுவாக மென்றார்.

"காப்பி வாசனை அடிக்குதுடா" என்றார்.

அத்தான் சமாதானம் சொல்வார், பிளாஸ்க் சரியில்லை என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். என் பிளாஸ்க்தான், நானும் தயாராகத்தான் இருந்தேன். அவர் சொன்னது வேறு.

"அப்பா, ஸ்லாவா அன்னைக்கு நம்ம அம்மா உட்கார்ந்து நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. எல்லாரும் போன பிறகு அடுப்படியில நின்னுக்கிட்டே ரொட்டித் துண்டைத் தின்னும். ரோசாந்தாவுக்கு அப்படி ஆகக் கூடாதுன்னுதான் சுலபமா எதுனா கெடைக்குமான்னு தேடினேன். வேற ஒண்ணும் இல்ல."

இத்தனை வருஷம் அந்த மனுஷனைக் கேலி பண்ணியிருக்கிறேன், இப்படி ஒன்று உள்ளே இருக்கும் என்று நினைத்ததில்லை.

கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ உட்கார்ந்திருக்காளா?" என்று கேட்டார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இடது கக்கத்தில் ஒரு பிளாஸ்க், வலது கையில் குரோஷா ஊசி, விரல் நுனியெல்லாம் அக்ரூட் ஓட்டின் கறுப்பு. ஊசியில் ஒரு கோதுமை மணி தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அவள் அப்படித்தான் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்திலேயே நின்ற அத்தானுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கிழவர் படத்தை மடியிலிருந்து எடுத்தார். மகனிடம் நீட்டவில்லை. "மருமகளே, நீ சொல்லு. மாட்டட்டுமா, எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?"

போகட்டும் என்று அவள் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் ஒருத்தர் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். வருஷா வருஷம் இந்தக் கூத்து, கூப்பிடாத ஜனம், செதில், அக்ரூட். ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் கிழவரோடு ஊருக்கு அனுப்பியிருக்கலாம். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். இருபது வருஷ ஆசை அவள் வாயில் இருந்தது.

அக்கா பிளாஸ்க்கை மேஜை மேல் வைத்தாள். ஊசியில் தொங்கிய மணியை வாயில் போட்டுக்கொண்டு சிலுவை போட்டாள். நேராக நடந்து மேஜையின் தலைமாட்டில் பாதிரியாருக்காகப் போட்டிருந்த நாற்காலியை இழுத்து, அதில் உட்கார்ந்தாள்.

"மாட்டுங்க மாமா" என்றாள். "மாட்டிட்டு, எனக்கு ஒரு தட்டு மீன் கொண்டாரச் சொல்லுங்க. வீட்டுக்காரர்தானே நிக்கணும்."

பாதிரியார் நின்றுகொண்டே ஒரு மடக்கு ரக்கியா குடித்துவிட்டு மிச்சம் பதிமூன்று வீட்டுக்கு ஓடினார். படம் சுவரில் ஏறியது. அத்தான் மீனைக் கொண்டுவந்தார். பிறகு பீன்ஸ், பிறகு கிழித்த முட்டைக்கோஸ், பிறகு ரொட்டி, பிறகு அழுக்குத் தட்டுகள், பிறகு கழுவின தட்டுகள். அறுபத்தோரு பேர். ஒரு கூட்டம் எழுந்தால் அடுத்த கூட்டம். அக்கா அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. உப்பு கொஞ்சம் கொண்டுவா, தண்ணி கொண்டுவா, சித்திக்கு ரொட்டி பத்தலை என்று சொல்லிக்கொண்டு, இரண்டு தடவை மீன் சாப்பிட்டு, கன்னம் சிவக்கச் சிவக்க ரக்கியா குடித்து, படிக்கட்டில் கேட்கிற மாதிரி சிரித்தாள். மீன், நியாயமாகச் சொன்னால், நன்றாக இருந்தது. கேக்கும் மோசமில்லை. கிழவர் போகும்போது மகனுடைய தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கடைசி ஆளும் இறங்கிப் போன பிறகு அத்தான் ஒரு வாளியில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் காலை உள்ளே விட்டுக்கொண்டு, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அப்போதுதான் உட்காருகிறார். கைபேசி மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அடடா, மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் முழங்கையைத் தொட்டார்.

"மச்சான், கோதுமையைப் பானையிலேயே வேகவைச்சிடலாம், அது சரி" என்றார் மெதுவாக. "ஆனா இந்த நின்னுக்கிட்டுப் பரிமாறுறது இருக்கு பாரு, அதுக்கு ஒரு சுலபமான வழி தோணுது."

நான் எழுந்து என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டு கூட வந்தீர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். கோதுமை பிளாஸ்க்குக்குள் மாட்டிக்கொண்டது என்று நான் சொன்ன இடத்தில் உங்கள் மனசில் என்ன ஓடியது? மூன்று நாளாக நிற்கிறாளே அந்தப் பெண், அவளுக்கு இடுப்பு வலிக்காதா என்றா? இல்லை. அகல வாய் பிளாஸ்க்காகப் பார்த்து வாங்கியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்குமே என்றுதானே? அப்படியானால், தயவு செய்து தலையைக் கொஞ்சம் திருப்பி, உங்கள் வீட்டுச் சமையலறையில் இந்த நிமிஷம் யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.